பெட்டி பார்த்துத் தேர்ந்த மலை ஊர்

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் முடிவதற்குள் நான் இருப்பதற்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் நான் தங்கியிருந்த இரண்டு அறை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் என்னைவிட மூத்தவர். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே துணி ஆலையில் பின்னல் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. பங்குனியில் வந்து இறங்குவார்கள்.

என்னை வீட்டை விட்டு எழும்பச் சொல்ல அண்ணைக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மற்ற ஊர்களைப் புகழத் தொடங்கினார்.

"ஹொல்ஸ்டெப்ரோவிலை நல்ல சனமாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமையிலை எல்லாரும் சேர்ந்து பந்தடிக்கிறாங்களாம்."

"நான் பந்தடிக்கிறேல்லை அண்ணை."

"அப்ப அல்பர்ட்ஸ்லுண்ட். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்திலை. கறிவேப்பிலை கூட வாங்கலாமாம்."

"கறிவேப்பிலைக்காக ஊர் மாறுறதோ?"

"இல்லை, சும்மா சொன்னனான்."

இப்படிச் சொல்லிவிட்டு அரிசியை நெடுநேரம் கழுவுவார். அவர் சொல்வது எனக்கு விளங்கியது, விளங்கியது என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வேலையும் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. நான் வேலை செய்த இடத்தில் பனிச்சறுக்கு உடுப்புத் தைத்தார்கள். சுற்றிவர மேசைபோல் தட்டையான நிலம், ஆனால் தைப்பது முழுவதும் மலைக்குப் போகிற உடுப்பு. நான் அதை மடித்துப் பெட்டியில் அடுக்கி, முகவரிச் சீட்டு ஒட்டும் பகுதியில் நின்றேன். பனிக்காலம் முடியும்போது பொதி கட்டுகிறவர்களுக்கு வேலை இருக்காது என்று மேற்பார்வையாளர் முதலே சொல்லியிருந்தார்.

எனக்கு மலை ஊர் ஏற்கெனவே தெரியும். டென்மார்க்குக்கு வருவதற்கு முன்னர் ஒரு குளிர்காலம் பவேரியாவில், பனிச்சறுக்குக்காரர் தங்கும் விடுதியொன்றில் கோப்பை கழுவினேன். கொதிகலன் அறையில், ஈரச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் படுக்கை. சவர்க்காரத்தில் கைத்தோல் வெடித்தது. அந்த அறையில் சூடு இருந்தது, சாப்பாடு கிடைத்தது, குறை சொல்வதற்கில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் யாரோ எறிந்துவிட்டுப் போன பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் பின்னாலிருந்த சரிவில் விழுந்து எழும்புவேன். கொஞ்சநாளில் விழாமல் இறங்கப் பழகினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானாகக் கற்றுக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. அந்த ஊரில் இரண்டு குறைகள்தான். சனம் அதிகம், விலை அதிகம். ஆகவே மலை ஊராக இருக்கவேண்டும், ஆட்கள் குறைவாக இருக்கவேண்டும், வாடகை மலிவாக இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவும்தான்.

அப்படியான ஊர் எது என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. பெட்டிகள் இருந்தன. எந்த ஊருக்குப் பெட்டி அதிகம் போகிறதோ அங்கே சனம் அதிகம் என்று நான் கணக்குப் போட்டேன். தொப்பியில் மயிர் வைத்த வெள்ளி நிற உடுப்புப் போகிற ஊரில் பணக்காரர் இருப்பார்கள். ஒற்றைச் சட்டைப்பையோடு வரும் நீல உடுப்புத்தான் எங்களிடம் இருந்ததில் மலிவு. அது மட்டும் போகிற ஊரில் சீவியமும் மலிவாகத்தான் இருக்கவேண்டும். நோர்வேயில் ஓர் ஊருக்கு எப்போதும் ஒரேயொரு பெட்டிதான் போனது. அதற்குள் முழுவதும் நீல உடுப்பு. ஊரின் பெயரை உச்சரிக்கப் பழகவே எனக்குப் பல நாள் எடுத்தது. அதுதான் என்னுடைய ஊர் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து மேசையில் பொதி கட்டிய டேனிஷ்காரி வயதில் மூத்தவள். புகையிலையைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டு வேலை செய்வாள். அவளிடம் சொன்னேன். அவள் டேனிஷில் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"அங்கை போய் என்ன செய்வாய்? மரத்தோடை கதைப்பியோ?"

"கோப்பை கழுவுவன்."

"கோப்பை கழுவ நோர்வேக்குப் போகவேணுமோ? என்ரை வீட்டிலை மூன்று நாள் கோப்பை கிடக்கு, வா."

"உங்கடை வீட்டிலை மலை இல்லையே."

"கோப்பை மலை மாதிரித்தான் கிடக்கு," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருபது வருசமாய் இந்த உடுப்பைக் கட்டுறன். ஒருக்காலும் போட்டுப் பாத்ததில்லை. நீ போய்ப் பாத்து எனக்குச் சொல்லு," என்றாள்.

எங்கள் லொறிச் சாரதி அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறார் என்று சொல்லி, அவரிடம் எனக்காகக் கேட்டதும் அவள்தான்.

அண்ணைக்கு இது பிடிக்கவில்லை.

"உனக்கு விசர். இஞ்சை கிடைச்ச விசாவை விட்டிட்டு மலையிலை ஏறப் போறியோ? அகதிக்கெண்டு குடுத்த அந்த நீலப் பயணப் புத்தகம் சுத்திப் பாக்கத்தான், குடியிருக்க இல்லை."

"மூன்று மாசம் நிக்கலாம் எண்டு சொல்லினம். பிறகு பாப்பம்."

"பிறகு பாப்பம், பிறகு பாப்பம். அப்பிடிப் பாத்துப் பாத்துத்தான் ஜெர்மனியிலை சப்பாத்தோடை படுத்தனீ."

"சப்பாத்து குறட்டை விடாது அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "மனுசி வந்தாலும் நீ இருக்கலாம். முன்னறையிலை ஒரு சீலையைக் கட்டினால் சரி," என்றார். முன்னறையில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் ஒருவர் கதவுக்கு வெளியே போகவேண்டும். நான் "பாப்பம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பையோடு லொறியில் ஏறினேன். சாரதி மேற்கு யூலண்டுக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. எவ்வளவு நல்ல பொருளைக் காட்டினாலும் 'அவ்வளவு மோசமில்லை' என்பதுதான் அவர்கள் கொடுக்கும் உச்சப் புகழ்ச்சி. வழியெல்லாம் வயலில் பனி உறைந்து கிடந்தது. ஏன் அந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டார். பெட்டிக் கணக்கைச் சொன்னேன். ஓல்போர் நகரம் தாண்டிய பிறகுதான் பதில் சொன்னார்.

"அந்த ஊரிலை உடுப்புக் கடை ஒண்டு மட்டுமில்லை. தெருமுழுக்கக் கடை. நாங்கள் குடுக்கிறது பின்பக்கத்திலை ஒரு கிழவனுக்கு மட்டும்."

"அப்ப மற்றக் கடைக்காரர்?"

"அவங்கள் இத்தாலியிலயிருந்து எடுக்கிறாங்கள்."

"நீல உடுப்பு?"

"அது மலையிலை ஆக்களை இழுத்து ஏத்துற இயந்திரத்திலை நிக்கிற வேலையாக்களுக்கு. சறுக்க வாறவங்கள் அதைப் போடமாட்டாங்கள்."

நான் எங்கள் ஆலைக் கதவால் போகிற பெட்டியை மட்டும் பார்த்திருந்தேன். வேறு கதவுகளும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. "ஊர் எப்பிடி?" என்று கேட்டேன்.

"அவ்வளவு மோசமில்லை," என்றார்.

அவருடைய உச்சப் புகழ்ச்சி. அப்படியானால் அங்கே சனமும் அதிகம், விலையும் அதிகம்.

நோர்வேக்குக் கப்பல் புறப்படும் ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்துக்குப் போனபோது மிச்சமும் விளங்கியது. டேனிஷ்காரர் வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைகளுக்கும் இலக்கம் வைத்துத்தான் பேசுவார்கள். ஏழாம் கிழமை பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை. ஏழாம் கிழமை என்ற சொல்லை நான் ஆலையில் பலமுறை கேட்டிருந்தேன், ஆனால் அது எனக்குரிய விஷயம் என்று நினைக்கவில்லை. பெருந்தெருவிலிருந்து கப்பல் வாசல்வரை கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காரின் கூரையிலும் பனிச்சறுக்குப் பலகைகள். பின் இருக்கைகளில் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்து வரிசையில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே எங்கள் மேற்பார்வையாளர், மனைவி பிள்ளைகளோடு.

"நீயுமோ! எங்கை?"

நான் ஊரின் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"நாங்களும் அங்கைதான்! எல்லா வருசமும் அங்கைதான். எங்கை தங்கப் போறாய்? ஒரு வருசத்துக்கு முதலே சொல்லி வைக்காட்டி ஒரு கட்டிலும் கிடைக்காது, விலையும் கேக்கேலாது."

"பாப்பம்," என்றேன்.

வரிசை நகரத் தொடங்கியது. நான் லொறிக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி இருந்தேன். இக்காஸ்டுக்குத் திரும்பிப் போனால் அண்ணை முன்னறையில் சீலை கட்டிவிடுவார். கட்டிவிட்டு ஒருநாளும் ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய மனைவியும் சொல்லமாட்டார். மூன்று வருடம் பிரிந்திருந்தவர்களுக்கு நடுவில் நான் படுத்திருப்பேன்.

"ஏறு, இல்லாட்டி இறங்கு," என்றார் சாரதி. "குளிர் உள்ளுக்கு வருகுது."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கப்பல் கார்களையெல்லாம் விழுங்கிக்கொண்டு போன பிறகு துறைமுகத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் அந்தத் துறைமுக ஊரைக் கடந்து மலைக்குப் போகிறவர்கள். நிற்பவர் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரைப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு வீட்டின் வாசலில் பனி மூடிய பலகை ஒன்று இருந்தது. கையால் துடைத்தேன். 'சிம்மர்' என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. அறை வாடகைக்கு என்று அர்த்தம். பவேரியாவில் வீட்டுக்கு வீடு பார்த்த சொல். கோடையில் கடலில் குளிக்க வருகிற ஜெர்மன்காரருக்காக வைத்தது.

கதவைத் திறந்தவர் வேலையை விட்ட மீன்பிடிகாரர். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

"அறை இருக்குதோ?"

"இப்பவோ?" என்று எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார், வேறு யாரும் சேர்ந்து வந்திருக்கிறார்களோ என்று. "குளிர்காலத்திலை ஒருத்தரும் வாறேல்லை."

"நான் வந்திட்டன்."

குளிர்காலத்துக்கு எவ்வளவு கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து ஒரு தொகை சொன்னார். இக்காஸ்டில் நான் கொடுத்துக்கொண்டிருந்த பங்கைவிடக் குறைவு. இரண்டு நிபந்தனைகள். சூட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்புத்தான் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆடி மாதம் ஜெர்மன்காரர் வருமுன் எழும்பவேண்டும். நான் சரியென்றேன். வேலைக்கு மீன் வெட்டும் ஆலை இருக்கிறது, நாற்றத்தைப் பொருட்படுத்தாதவனை எடுப்பார்கள் என்றும் சொன்னார்.

துறைமுகத் தொலைபேசியிலிருந்து அண்ணையைக் கூப்பிட்டேன்.

"கப்பல் ஏறிட்டியோ?"

"இல்லை. கடலுக்கு இஞ்சாலைதான் நிக்கிறன். அறை எடுத்திட்டன்."

"அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"மலை?"

"மணல் மேடு இருக்கு. அதிலை பனி கிடக்கு."

"அப்ப உன்ரை மிச்சச் சாமானை நான் கொண்டுவாறன்," என்றார். எப்போது என்று நான் கேட்பதற்கு முன்னரே ஞாயிற்றுக்கிழமை என்றார்.

சொன்னபடி ரயிலில் வந்தார். என் போர்வை, கம்பளிச் சட்டை, ஒரு சட்டி, அவரே சமைத்த இறைச்சிக் கறி. வீட்டுக்காரரின் கொட்டிலில் கிடந்த பழைய பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு மணல் மேட்டில் நான் இறங்குவதைக் கைகளைக் கக்கத்துக்குள் வைத்தபடி நின்று பார்த்தார். இறங்க அதிக நேரம் எடுக்காது, ஏறுவதற்குத்தான் நேரம். மேட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"இதுக்கோ இவ்வளவு பாடு?"

"அவ்வளவு மோசமில்லை அண்ணை."

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, முன்னறைக்குப் புதுச் சாயம் அடித்ததையும் மகளுக்குச் சின்னக் கட்டில் வாங்கியதையும் சொன்னார். ரயில் பெட்டிக்குள் ஏறி, கதவடியில் நின்றுகொண்டு கேட்டார்.

"மனுசி கேப்பா, உங்களோடை இருந்த பெடியன் எங்கையெண்டு. நீயாத்தான் போனனீ எண்டு சொல்லட்டோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"நீயாத்தானே போனனீ?"

"ஓம் அண்ணை."

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் இருக்கை தேடிக்கொண்டு போவது தெரிந்தது. திங்கட்கிழமை காலை நான் மீன் ஆலைக்குப் போனேன். கையுறை கொடுத்தார்கள்.