எஸ்தரிடம் கேட்காத மன்னிப்பு

முதல் நாள்

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் லாரி டிரைவர் வேலைக்குப் போன முதல் நாள், மேனேஜர் என்னிடம் லைசென்ஸ் கேட்கவில்லை. கிட்டே வரச் சொல்லி, "வாயை ஊதுப்பா" என்றார்.

ஊதினேன். அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை.

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்லீங்க சார். நாங்க வேதக்காரங்க" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். கிறிஸ்துவின் பேரை நான் முதலில் பயன்படுத்தியது ஒரு பொய்க்குத் துணையாகத்தான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் பேர் ஆசீர்வாதம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி எஸ்தருக்கு அதே எஸ்டேட்டில், வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை கிடைத்தது. தொழிலாளர் குடியிருப்பு லைனில் ஒரு வீடும் கொடுத்தார்கள்.

இறக்கத்தில் லாரியைப் பிரேக்கில் நிறுத்த நினைக்கக் கூடாது, கியரில்தான் பிடிக்க வேண்டும். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும்போது இரண்டாவது கியரை விட மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல பேர். ஆனால் மூட்டையை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, மலையடிவாரத்தில் ஒளித்து விற்கிற சாராயத்தைக் குடித்துவிட்டுத்தான் ஏறுவேன். வீட்டுக்குப் போனால் எஸ்தரை அடிப்பேன். காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

பள்ளம்

ஒரு மழைக்காலத்தில் குப்பனூர் ரோட்டில் ஏறும்போது லாரியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டேன். இடுப்பளவு பள்ளம். முன் சக்கரம் சேற்றில் புதைந்தது, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் மேனேஜர் வந்து பார்த்தபோது என் வாயை மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சஸ்பெண்டு செய்தார்.

வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். பாட்டிலை எஸ்தர் ஒளித்து வைத்துவிட்டாள் என்று அவளுடைய வலது கையைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கட்டுப் போட்ட கம்பவுண்டரிடம் அவள், "வழுக்கி உளுந்துட்டனுங்க" என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

கட்டுப் போட்ட கையைக் கோயிலில் பார்த்த எங்கள் சபைப் பாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுநாள் மழையில் நனைந்துகொண்டு லைனுக்கே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஆசீர்வாதம், உன்னால விட முடியாது. எனக்குத் தெரியும். என்னால முடியலைன்னு ஆண்டவர்ட்ட சொல்லு. உனக்காகச் சிலுவையில செத்தவர் உன்னைக் கைவிட மாட்டார்."

சொன்னேன். சிறு பிள்ளை மாதிரி அழுதுகொண்டு சொன்னேன். அதற்குப் பிறகு இன்றுவரை நான் சாராயத்தைத் தொட்டதில்லை, எஸ்தர் மேல் கை வைத்ததில்லை. கிறிஸ்து என்னை இரட்சித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் வெட்கப்படுவதெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததற்காக.

மேடை

திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, மாரமங்கலத்தில் நடந்த நற்செய்திக் கூட்டத்தில் கர்த்தர் என்னை மீட்டதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார் பாஸ்டர். நான் பேசி முடித்தபோது ஜனங்கள் அழுதார்கள். இரண்டு பேர் முன்னால் வந்து குடியை விடுகிறோம் என்று முழங்கால் போட்டார்கள். அதுவரை நான் பேசுவதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. பிறகு ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் எஸ்டேட் ஜீப்பையே கொடுத்தார். நானே ஓட்டுவேன், பாஸ்டர் முன்னால், எஸ்தர் பின்னால்.

போகப் போகக் கதை வளர்ந்தது. இடுப்பளவு பள்ளம் பாதாளமாகிவிட்டது. லாரி அதன் விளிம்பில் தொங்கியது. எஸ்தரை அடித்ததைச் சொல்லும்போது கையை ஓங்கி நடித்துக் காட்டுவேன். எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியில், "எஸ்தரு, எந்திரிச்சு நில்லும்மா. அந்தக் கையைத் தூக்கிக் காட்டு" என்பேன். அவள் எழுந்து, கோணலாகக் கூடிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவாள். கூட்டம் அல்லேலூயா சொல்லும். இப்படிச் சில வருஷங்கள் செய்தேன்.

குப்பனூர்

எண்பதுகளின் தொடக்கத்தில் குப்பனூரில் மதியக் கூட்டம். ஜீப்பை விட்டு இறங்கும்போது எஸ்தர், "இன்னிக்கு நான் வண்டியிலேயே இருந்துக்கறனுங்களே" என்றாள்.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க."

"அப்ப வா. நீ இல்லாம சாட்சி முழுசாகாது."

வந்தாள். எழுந்து நின்றாள், கையைத் தூக்கினாள். கூட்டம் முடிந்ததும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அவளிடம் வந்தாள். உதடு வீங்கியிருந்தது. நான் பந்தல் காலுக்குப் பின்னால் நின்று மைக்செட்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரரும் இப்படித்தானுங்க. இவரு திருந்துனப்ப உங்ககிட்ட என்னன்னு மன்னிப்புக் கேட்டாருங்க?"

எஸ்தர் குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு, "எங்கிட்டக் கேக்கலை கண்ணு" என்றாள்.

"கேக்கலைங்களா?"

"சாமிகிட்டக் கேட்டாரு. கூட்டத்துல சொல்றாரு. எங்கிட்ட இன்னும் வரலை."

பாஸ்டர் அன்று குப்பனூரிலேயே தங்கிவிட்டார். திரும்பும்போது ஜீப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன புள்ள, வெளியாளுக முன்னாடி எம் மானத்தை வாங்கிட்ட?"

"உங்க மானமுங்களா?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "ஊருக்கு ஊரு கூட்டத்துக்கு முன்னாடி வெக்கிறது எம் மானத்தைத்தானுங்க. குடிச்சப்ப ஊட்டுக்குள்ள அடிச்சீங்க. இப்ப மைக்கு வெச்சு அடிக்கறீங்க."

என்னால் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தேன்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொல்லியிருந்தா, கர்த்தரோட வேலையைத் தடுக்காதன்னு சொல்லியிருப்பீங்க."

சத்தியமாக அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். இயேசு என்னை மன்னித்துவிட்டார், அதனால் இவளிடம் கேட்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னை மன்னிச்சுக்க எஸ்தரு" என்றேன்.

அவள் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுட்டீங்க. சரி. இப்பவே பதில் சொல்லுன்னு மட்டும் கேக்காதீங்க."

பாஸ்டர் வந்தது

இனிமேல் மேடை ஏற மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். பாஸ்டர் அந்த வாரமே வீட்டுக்கு வந்தார்.

"ஊழியத்தை நிறுத்தாதே ஆசீர்வாதம். எத்தனை குடும்பம் உன் சாட்சியால திருந்தியிருக்கு!" நான் மாட்டேன் என்று தலையாட்டியதும், டீ கொண்டுவந்த எஸ்தரிடம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா."

எஸ்தர் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "ஏனுங்கய்யா, நான் திருவிருந்து மேசைக்கு வந்து அப்பம் வாங்கி எத்தனை வருஷமாச்சுன்னு பாத்திருக்கீங்களா?"

பாஸ்டர் திகைத்துப்போனார். "கோயிலுக்கு வர்ற குழந்தைகளைப் பாத்துக்கறதுக்காகப் பின்னால இருக்கேன்னு நெனச்சேன்மா."

"இல்லீங்கய்யா. இவரு மேல நொம்பக் கசப்பு. அதை மனசுல வெச்சுக்கிட்டு அந்த மேசைக்கு எப்படிங்க வர்றது? கர்த்தர் இவரை மன்னிச்சுட்டாருன்னு ஊரே சொல்லுது. என்னால மட்டும் முடியலை. நாந்தான் பாவின்னு இருந்தேன். யாருகிட்டப் போயிச் சொல்றது?"

மாதாமாதம் முதல் ஆளாக முன்னால் போய் முழங்கால் போட்டு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கினவன் நான். நான் செய்த காரியத்தால் அந்த மேசைக்கு வர முடியாமல் ஒருத்தி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவளோடுதான் நடந்து வருவேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

பாஸ்டர் எழுந்தார். "என்னையும் மன்னிச்சுக்கம்மா. அந்தக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். அதன் பிறகு என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

கடைசிப் பெஞ்சு

அடுத்த திருவிருந்து ஞாயிறு நான் முன்னால் போகாமல் எஸ்தர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த மாதமும். ஆசீர்வாதம் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டான், அதனால்தான் சாட்சியும் இல்லை, திருவிருந்தும் இல்லை என்று பேச்சு கிளம்பியது. மேனேஜர் காதுக்கும் போயிற்று. லாரி எடுக்கும்போது கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னார். மூட்டை ஏற்றுகிற ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஊதினேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எஸ்தரை மறுபடியும் நாலு பேர் முன்னால் நிறுத்துவதாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வண்டியில் சின்னச் சத்தம் மாறினாலும் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் நான் முறித்த அந்தக் கையால் எஸ்தருக்கு ஈரத்துணி பிழிய முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துணியை நான் பிழிய ஆரம்பித்தேன். தண்ணீர்க் குடம் எடுத்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. பதில் என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு வரை வரும். விழுங்கிவிடுவேன்.

மறு வருஷம் காப்பிப் பழம் பறித்து முடிந்த சமயம். திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புடவைச் சத்தம் கேட்டது. எஸ்தர் எழுந்து நின்றிருந்தாள்.

"வாங்க" என்றாள்.

இரண்டு பேரும் முன்னால் போய் முழங்கால் போட்டோம். பாஸ்டர் முதலில் எஸ்தருக்கு அப்பம் கொடுத்தார், பிறகு எனக்கு. நான் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டேன். "மனசு ஆறிடுச்சா எஸ்தரு?"

"நானா ஆத்திக்கலைங்க" என்றாள். "எத்தனையோ தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். முடியலை. எனக்கு இது ஆகாது, நீயே பாத்துக்கன்னு கர்த்தருகிட்ட விட்டுட்டேன். இன்னிக்கு எந்திரிக்கணும்னு தோணுச்சு, எந்திரிச்சேன்."

குடிகாரனான என்னை மீட்டவரே, நான் புண்படுத்தி வைத்திருந்த அவளையும் மீட்டார். இரண்டுக்கும் ஒரே சிலுவைதான். ஆனால் அவளை அத்தனை வருஷம் தனியாகக் காத்திருக்க வைத்தது நான்.

இந்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி எங்கள் சபையில் கேட்டபோது முதலில் எஸ்தரிடம் போய் எழுதலாமா என்றேன். இரண்டு நாள் யோசித்துத்தான் சம்மதம் சொன்னாள். கர்த்தர் உங்களுக்குச் செய்ததை ஊருக்குச் சொல்ல ஆசைப்படும் தம்பி தங்கைகளே, சொல்லுங்கள், அது நல்ல காரியம். ஆனால் உங்களால் அடிபட்டவர் யாரோ, அவரிடம் முதலில் போய் நில்லுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் காத்திருங்கள். எனக்கு அது தெரிவதற்குள் எத்தனையோ ஊர்க் கூட்டங்களில் எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள்.