நாலு பேர் இருக்கும் வீடு

ஒரு குடித்தனத்தையே மடித்து வைக்கத் தெரிந்தவள் அவள். பேச்சுக்குச் சொல்லவில்லை. இரண்டு மடக்குக் கட்டில், ஒரு துணி அலமாரி, மகளின் படிப்பு மேசை, ஒற்றை மின் அடுப்பு, கொடியில் காயும் துணி என்று அம்மாவும் மகளும் புழங்குகிற ஒரு முழு வீட்டை, குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் சுவரோரம் சாய்த்து, தார்ப்பாய் போட்டு மூடி, மேலே இரண்டு காலி பெயின்ட் டப்பாவையும் வைத்துப் பழைய சாமானாக்கிவிடுவாள். அப்புறம் அவள் தம்பி காரை உள்ளே விட்டு நிறுத்துவான். ஓனருக்காக வீட்டைச் சோதிக்க வருகிற ஏஜெண்டின் கண்ணுக்கு அது வெறும் கார் ஷெட். மற்ற நாட்களில் கார் தெருவில் நிற்கும், ஷெட்டில் அவர்கள் இருப்பார்கள்.

வேலையும் மடிப்பு வேலைதான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைக்கூடம். இயந்திரம் கக்குகிற சூடான விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. எதிரே நிற்கிற ஆள் அடிக்கடி மாறுவார், அவருடைய நாடும் மாறும், பாஷையும் மாறும். "அந்தப் பக்கம் பிடி" என்பதை மட்டும் எல்லோரும் அவளிடமிருந்து தமிழிலேயே கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் 'மடிப்பக்கா' என்று கூப்பிடப்போய், மேஸ்திரி வரைக்கும் அந்தப் பேரைக் கடித்துத் துப்பிக் கூப்பிட ஆரம்பித்தார். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மடிப்பக்கா இந்த நாட்டில் முதலில் குடியிருந்தது நகரத்துக்கு நடுவில். வேறு ஊரில் வேலை என்று சொல்லிப் போன கணவன் போனவன்தான். அதன் பிறகு வாடகை ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அவள் ரயில் பாதையில் இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போனாள். முதலில் வீடு, பிறகு பாதி வீடு, பிறகு ஓர் அறை. கடைசியில் ரயிலே அதற்கு மேல் போகாத இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கேதான் தம்பி இருந்தான். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அவனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவளே அவள்தான். 'ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயிடுறேன்டா' என்று சொல்லித்தான் பெட்டியை இறக்கினாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அந்தப் புறநகரில் முக்கால்வாசிப் பேர் அப்படித் தள்ளிக்கொண்டு வந்து விடப்பட்டவர்கள்தான். பழைய ஆட்கள் பலர் வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த சிலர் காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் கிடக்கும் செருப்புகளை எண்ணிக்கொண்டே போனார்கள். அரசாங்கத்திடம் அந்தத் தெருவுக்கு ஒரு தலைக்கணக்கு இருக்கத்தான் செய்யும். விடிகாலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் அந்தக் கணக்கைப் போட்டவர் வீட்டுக்கு வெளியே நின்றே போட்டிருப்பார் என்று புரிந்துவிடும்.

தம்பி வீட்டில் இருப்பது நாலு பேர். தம்பி, அவன் பொண்டாட்டி, பரீட்சைக்குப் படிக்கிற பெரிய பெண், பள்ளிக்கூடம் போகிற சின்னப் பையன். அறை மூன்று. வாடகைக்கு எடுத்தபோது அப்போதிருந்த ஏஜெண்ட், "நாலு பேர்தானே?" என்று கேட்க, தம்பி தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அந்த வீட்டுக்குச் சட்டமாகிவிட்டது. ஐந்தாவது ஆள் தெரிந்தால் வீடு போய்விடும் என்று அவன் நம்பினான். அவன் நம்பியதால் எல்லோரும் நம்பினார்கள்.

நம்பிக்கை என்றால் சும்மா இல்லை. குப்பைத் தொட்டி பொய் சொல்லாது என்று, தன் குப்பையை ஒரு பையில் கட்டிச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு வருவாள் மடிப்பக்கா. பஸ்ஸில் மற்றவர்கள் மடியில் சாப்பாட்டுப் பை இருக்கும், இவள் மடியில் குப்பைப் பை இருக்கும். மகளுக்குத் தோழிகள் உண்டு, ஆனால் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது. ஷெட்டில் ஜன்னல் கிடையாது. சுவர் எப்போதும் ஈரம். மகளுக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்குச் சலவைக்கூடத்தில் யாரோடும் அவள் பேசவில்லை.

தம்பி பொண்டாட்டி கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் கல்லாவில் நிற்கிற வேலை, வந்தால் கால் கடுக்கும், அப்படியும் காலையில் ஷெட்டுக் கதவைத் தட்டி டீ கொடுத்துவிட்டுத்தான் போவாள். "பாவம் அண்ணி, இந்தப் பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குதே" என்று கண் கலங்குவாள். வீட்டில் அந்த ஊர்ப் பாஷை நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். ஏஜெண்டிடம் பேசுவது, பள்ளிக்கூடத்தில் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு.

விஷயம் நடந்த அன்றைக்குத் தம்பி முதுகுப் பிடிப்பு என்று வேலைக்குப் போகாமல் கிடந்தான். அவன் பொண்டாட்டிக்கு மத்தியான ஷிஃப்ட், அதனால் அவளும் வீட்டில். பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். மடிப்பக்கா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.

"அக்கா! எந்திரிக்கா! ஏஜெண்ட் வர்றாளாம்!"

"அடுத்த வாரம்னுதானேடா சொன்னாங்க?"

"இந்தப் பக்கம் வந்தாளாம். இப்பவே வரட்டுமான்னு போன்ல கேட்டா. சரின்னுட்டேன்."

"இப்ப வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"எப்படிக்கா வேணாம்னு சொல்றது?"

அதுதான் தம்பி. பயந்தவன் வாயில் 'வேண்டாம்' என்ற சொல் வராது. மடிப்பக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கட்டில் மடங்கியது, அலமாரி திரும்பிச் சுவரைப் பார்த்தது, கொடி அறுந்து கையில் வந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டே தம்பி காரை உள்ளே விட்டான். அவள் எப்போதும் செய்கிறபடி பஸ் ஸ்டாப்பில் போய் உட்காரலாம் என்று வெளியே கால் வைக்கப் போனால், வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஷெட்டின் பெரிய கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். காரின் பின் கதவைத் திறந்து, சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையில் தன்னையே மடித்துக்கொண்டு படுத்தாள்.

ஷெட்டிலிருந்து சமையலறைக்கு ஒரு மெல்லிய கதவு. அதன் வழியாக எல்லாம் கேட்டது. ஏஜெண்ட் பெண் அந்த ஊர்ப் பாஷையில்தான் பேசினாள். ஆனால் இத்தனை வருஷத்தில் மடிப்பக்கா காதில் அது தமிழாகவே விழும்.

"வீட்டை ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க."

"நாலு பேர்தானேங்க," என்றான் தம்பி. கேட்காமலே சொன்னான்.

"ஆமா. அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். ஓனர் வாடகையை ஏத்துறார்."

"ஏத்தட்டுங்க. கட்டிடுறோம்."

"நீங்க கட்டுவோம்னுதான் சொல்வீங்க. ஆனா உங்க ரெண்டு பேர் சம்பளம் இதுக்குக் காணாதுன்னு அவர் நினைக்கிறார். இந்தத் தெருவுல ஒரு வீடு காலியானா வாசல்ல எவ்வளவு பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். மூணு பேர் சம்பாதிக்கிற ஒரு குடும்பம் இந்த வீட்டைக் கேட்டிருக்காங்க. நான் இன்னைக்கு அவருக்குப் பதில் சொல்லியாகணும்."

"பொண்ணுக்குப் பரீட்சை வருதுங்க," தம்பி பொண்டாட்டியின் குரல் உடைந்தது. "இப்பப் போய் எங்க போறது?"

"எனக்குப் புரியுது. ஆனா ரெண்டு சம்பளம் எப்பவும் ரெண்டுதானேங்க."

காருக்குள் மடிப்பக்காவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மூன்றாவது சம்பளம் இதோ கதவுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. அந்தச் சம்பளமும் மாசாமாசம் இந்த வீட்டு வாடகைக்குள்தான் போகிறது. வெளியே போய் நின்றால் ஒளித்து வைத்த குற்றத்துக்கு எல்லோரையும் வெளியே அனுப்பலாம். இங்கேயே கிடந்தால் ஒழுங்கு மரியாதையாக எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். இதற்கு மேல் தள்ளிப் போக ரயிலும் இல்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கார்க் கதவின் கொக்கியை இழுத்தாள்.

திறந்து இறங்கினாள். கால் மரத்ததில் ஒரு தடவை காரின் மேல் சாய்ந்துகொண்டாள். பிறகு சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, தலை கலைந்து, புடவை கசங்கி உள்ளே போய் நின்றாள்.

"மூணாவது ஆள் நான் இருக்கேன்," என்றாள்.

ஏஜெண்ட் பெண் சின்ன வயசுக்காரி, ஒரு கையில் கார்ச் சாவி, இன்னொரு கையில் போன். அவள் மடிப்பக்காவைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

இத்தனை நாளும் அக்கம்பக்கத்தில் கேட்டால் தம்பி 'ஊர்ல இருந்து வந்திருக்காங்க, போயிடுவாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறான். இப்போதும் அதைச் சொல்லிவிடுவானோ என்று மடிப்பக்கா அவன் வாயையே பார்த்தாள்.

"எங்க அக்கா," என்றான். "இங்கதான் இருக்காங்க. அவங்க பொண்ணும். மூணு வருஷமா."

ஏஜெண்ட் ஷெட்டுக்குள் போனாள். பெயின்ட் டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். தார்ப்பாயைத் தூக்கினாள். மடக்கிய கட்டில், மேசை, மேசைக் காலில் மாட்டியிருந்த மகளின் தலைமுடி ரிப்பன் எல்லாம் வெளியே வந்தன. சுவரில் கையை வைத்துப் பார்த்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயா தூங்குறீங்க?"

"ஆமா."

"இங்க ஆள் தூங்கக் கூடாதுங்க. ஜன்னல்கூட இல்ல. தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க? வீட்டுக்குள்ள இருக்க வேண்டியதுதானே?"

மடிப்பக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாலு பேர்தான் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யார் சொன்னா?" ஏஜெண்ட் நிஜமாகவே குழம்பினாள். "மூணு ரூம் வீடு இது. ஆறு பேர் வரைக்கும் இருக்கலாம். யார் யார்னு எங்ககிட்ட சொல்லணும், அவ்வளவுதான். எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லியிருப்பாரே?"

தம்பி அக்காவின் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றான் தம்பி. "சத்தியமாத் தெரியாது." அவன் பொய் சொன்னால் காது சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. மடிப்பக்கா அவனைத் தாண்டி அவன் பொண்டாட்டியைப் பார்த்தாள். அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேடை.

"உனக்குத் தெரியுமா?"

துணி நின்றது. "முந்தின ஏஜெண்ட் சொன்னார் அண்ணி. நீங்க வந்த புதுசுல, போன்ல. ஆறு பேர்னா பரவாயில்லன்னு சொன்னார்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" தம்பி கத்திவிட்டான்.

"பொண்ணு வளர்ந்துட்டா. படிக்கிறவ. அவளுக்குன்னு ஒரு கதவாவது இருக்கட்டும்னு நினைச்சேன். ரெண்டு மாசம்தானேன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நாளாக நாளாக எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மடிப்பக்கா அவளை அறைந்திருப்பாள். கை அப்படிப் பரபரத்தது. மடியில் வைத்துக்கொண்டு போன குப்பைப் பைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுகிற மகள் நினைவுக்கு வந்தாள். ஈரச் சுவரில் தலை படாமல் இருக்க, மகள் எப்போதும் ஒருக்களித்தே தூங்குவாள். இதில் கொடுமை என்னவென்றால், தன் மகளுக்கு ஒரு அறை கிடைத்திருந்தால், தானும் வாயைத் திறந்திருக்க மாட்டோமோ என்றும் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதால் கோபம் குறைந்துவிடவில்லை. இன்னும் கூடியது.

ஏஜெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவர்கள் பேசிய தமிழ் அவளுக்குப் புரியவில்லை, ஆனால் சண்டைக்குப் பாஷை தேவையா என்ன.

"பாருங்க, மூணு சம்பளம்னு நான் ஓனர்கிட்ட சொன்னா வீடு உங்களுக்குத்தான். ஆனா ஷெட்டுல ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் அப்படியே போக முடியாது. இவங்களும் பொண்ணும் எந்த ரூம்ல இருக்கப் போறாங்கன்னு இப்பவே காட்டுங்க."

தம்பி தன் பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

மடிப்பக்காதான் நடந்தாள். சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, பெரிய பெண்ணின் அறைக் கதவைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் வந்தது கூட்டிப் பெருக்கத்தான். அகலமான கட்டில் நடுவில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், எதிர் வீட்டு வாசல், அங்கே யாரோ காயப்போட்டிருந்த சின்னக் குழந்தைச் சட்டைகள். வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது.

"இங்க," என்றாள் ஏஜெண்டிடம். "இந்தக் கட்டிலைச் சுவரோரம் தள்ளினா இன்னும் ரெண்டு கட்டில் போடலாம். மூணு பேருக்கும் இடம் இருக்கு."

ஏஜெண்ட் தலையசைத்தாள்.

மடிப்பக்கா கட்டிலின் ஒரு பக்கம் போய் நின்று படுக்கை விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்தாள். தம்பி பொண்டாட்டி ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. மடிப்பக்கா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். சலவைக்கூடத்தில் புதிதாக வந்து நிற்கிற ஆளிடம் சொல்வதைப்போல, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அந்தப் பக்கம் பிடி."