இரவல் காது

குமாரபாளையத்தில் விசைத்தறி ஷெட் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கும் முருகானந்தத்துக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் ஆள் பேசுவது கேட்கும், லாரி உறுமுவது கேட்கும். குக்கர் விசில் கேட்காது. கீச்சென்று எழுகிற எதுவும் கேட்காது. காது டாக்டர் கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டி, "இன்னும் ரெண்டு வருஷம் தறிக்குப் பக்கத்துல நின்னீங்கன்னா வலதும் போயிரும். வேற வேலை பாருங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து வயதுக்காரன் வேறு வேலைக்கு எங்கே போவான்?

யூடியூபில்தான் அந்த வேறு வேலை அகப்பட்டது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மரத்தில் அதைத் தானே செதுக்கித் தரும் மிஷின். சி.என்.சி. ரூட்டர் என்றார்கள். கடையில் வாங்க வக்கில்லை, வீட்டிலேயே கட்டலாம் என்று இறங்கிவிட்டார். காயலான் கடையில் கிடந்த பழைய தறித் தண்டுகள் நான்கை எடுத்துத் தேய்த்து, மிஷின் நகர்வதற்குப் பாதை போட்டார். சட்டம் ப்ளைவுட்டில். மோட்டாரும் போர்டும் ஆன்லைனில். செதுக்குவதற்கு, ஆசாரிகள் ஓரம் தட்டும் ட்ரிம்மரையே கவ்வி மாட்டினார். கைவேலையில் மனுஷன் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வேறிடத்தில்.

பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? பெண்டாட்டி நர்மதா ராசிபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவளுடைய தையல் மிஷினை விற்றுவிட்டார். பதினோரு வருஷமாக அந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்த மோட்டார் மிஷின். திரும்பி வந்தவள் ஜன்னலோரம் ப்ளைவுட் அடுக்கியிருப்பதைப் பார்த்தாள்.

"என்ற மிஷினு எங்கீங்க?"

அவர் இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு திருகாணி முறுக்கினார். கேட்க இஷ்டமில்லாத எதற்கும் அந்தக் காதைக் காட்டுவது அவர் வழக்கம். செவிட்டுக் காது எத்தனை சௌகரியம் பாருங்கள்! அவள் கத்தினாள், அழுதாள், நான்கு நாள் சோறு தின்னவில்லை. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வந்து வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மிஷின் ஓடத்தான் ஓடியது. ஆனால் செதுக்கும் பிட் ஒன்று மாற்றி ஒன்று ஒடிந்தது. யூடியூப் வாத்தியார்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: சத்தத்தைக் கேளுங்கள். பிட் திணறினால் கீச்சென்று கத்தும், உடனே வேகத்தைக் குறையுங்கள். அந்தக் கீச்சுதானே அவருக்குக் கேட்காது! தறியென்றால் கையை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். இந்த ப்ளைவுட் பெட்டியோ எப்போது பார்த்தாலும் உதறிக்கொண்டிருந்தது, கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"உனக்குத்தான் பாம்புச் செவியாச்சே புள்ள. பக்கத்துல நின்னு கேளு. கீச்சுன்னா கையைத் தூக்கு" என்றார் நர்மதாவிடம். கூச்சநாச்சம் வேண்டாமா மனுஷனுக்கு?

ஷெட் வாசலே மிதிக்காதவள் அவள், காது முழுசாக இருந்தது. மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றரை மாதம் அவள் கையைத் தூக்க, அவர் வேகத்தைக் குறைக்க, பிட் ஒடிவது நின்றது. பெயர்ப்பலகை வந்தது, பிள்ளையார் வந்தார். தறிச் சத்தத்திலேயே தூங்கி எழும் தெரு அது. அந்தத் தெருக்காரர்களே, "பல்லுக் கூசுதுங்க, எப்ப நிறுத்துவீங்க?" என்று வந்து கேட்டார்கள். முருகானந்தத்துக்கு அதில் பெருமை வேறு.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பூஜையறைக் கதவு செய்து விற்கும் காளியண்ணன் முருகானந்தம் கொண்டுபோய்க் காட்டிய பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் தேக்குப் பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுல மயிலு ஒண்ணு போட்டுக் கொண்டாங்க. சுத்தமா இருந்தா மாசம் பத்துக் கதவு உங்களுக்கேங்க. மிஷின் ஓடறதையும் வீடியோ எடுத்துட்டு வாங்க, பார்ட்டிக்குக் காட்டலாம்."

பத்துக் கதவு என்றால் ஷெட்டுக்கு ஒரு முழுக்கு. வலது காது தப்பிக்கும். ஊருக்குத் திரும்பிய கையோடு முதலாளி சின்னுசாமியிடம், "ஒண்ணாந்தேதியில இருந்து வரமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டார் அவசரக்குடுக்கை.

ஞாயிற்றுக்கிழமை மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, ஃபோனை ஜன்னலில் சாத்தி வைத்துவிட்டு, மிஷினை ஓட்டினார். மூன்று மணி நேரம் ஓடியது. பக்கத்தில் நின்ற நர்மதாவை நிமிஷத்துக்கொரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"சத்தம் எப்பிடி?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

நர்மதா ஒரு தடவைகூடக் கையைத் தூக்கிக் காட்டவில்லை. தேக்கென்றால் தேக்குதான் என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடிந்து தூளைத் தட்டினால், தோகை முழுக்கப் பல் பல்லாகக் கோடு, ஓரமெல்லாம் கருகல். பிட் மொக்கை போலிருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மறுநாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

காளியண்ணன் பலகையை விரலால் தடவினார். "இது மயிலுங்களா? நாயி பிச்சுப்போட்ட கோழியாட்ட இருக்குதுங்க" என்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வீடியோவைப் போடுங்க, எங்க கோளாறுன்னு பாப்போம்."

முருகானந்தம் ஃபோனை நீட்டினார். வீடியோ ஓடியதும் அந்தப் பெண் துள்ளி விழுந்து காதைப் பொத்தினாள். காளியண்ணன் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார். "ஏனுங்க, இந்தக் கத்துக் கத்துது, நிறுத்த வேண்டாங்களா? பக்கத்துல ஒரு அம்மா நிக்கறாங்களே, அவங்களாவது சொல்லக்கூடாதுங்களா?"

முருகானந்தம் குனிந்து பார்த்தார். நர்மதா சுவரோரமாக, இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி நின்றிருந்தாள். மிஷின் பக்கம் குனிந்திருந்த அவர் தலை நிமிர்ந்ததும் அவள் கைகள் சட்டென்று இறங்கின. முகம் சரியானது. வாயசைத்தாள். அவர் மறுபடி குனிந்ததும் விரல்கள் காதுக்குப் போயின. வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், எல்லா இடத்திலும் அதேதான்.

"பலகைக்கு ஒண்ணும் தர வேண்டாங்க, போயிட்டு வாங்க" என்றார் காளியண்ணன். அந்தப் பெருந்தன்மைதான் நெஞ்சைச் சுட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். "நேத்து மிஷின் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

நர்மதா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சுங்க. மண்டைக்குள்ள ஊசி ஏத்துனாப்புல கேட்டுச்சு."

"அப்பறம் எதுக்குடி நல்லாருக்குன்னே?"

"என்ற மிஷினுக்காக நானுந்தான் நாலு நாளு கத்துனேன். எந்தப் பக்கத்துக் காதைத் திருப்புனீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"நான் முழுச் செவிடாப் போனா உனக்குச் சந்தோஷமா?"

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்து புடைத்தாள்.

அவள் தெரியாமல் செய்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். வலது காது போகுமென்று தெரிந்தே செய்திருக்கிறாள். தையல் மிஷினை விற்றவருக்கு அவளைத் திட்ட யோக்கியதை இல்லை, அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மாதக் கடைசியில், மிச்சமிருந்த மரத்துண்டு ஒன்றைப் போட்டுப் புது பிட் மாட்டினார். இன்னொரு மயில் நன்றாக வந்தால் காளியண்ணன் காலில் விழுந்தாவது கேட்கலாம். வேறு காது யாரிடம் இருக்கிறது? "வந்து நில்லு" என்றார்.

நர்மதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மிஷின் ஓடியது. இந்தத் தடவை அவர் மரத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

கை இரண்டும் கீழே தொங்கின. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மெய்யாகவே நன்றாக இருந்ததோ, அந்த முகத்தை இதற்குள் பழக்கிக்கொண்டாளோ.

"நெசமாவா?"

"நெசந்தானுங்க."

முருகானந்தம் சுவிட்சை அணைத்தார். மறுநாள் ஒண்ணாந்தேதி. "வேலையை விடலைங்க" என்று சின்னுசாமியிடம் சொல்லிவிட்டு, எட்டு மணி ஷிஃப்டுக்குத் தறிகளுக்கு நடுவே நின்றார்.