வாரிய குப்பையைக் கொட்டிய காலை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நல்லதை மட்டும் எழுதும்படி அம்மா சொன்னார். அப்பாவைப் பற்றி நல்லதைத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அந்த உறுதியைத் தர முடியாது.

கீழ்பென்னாத்தூர் அருகே மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தங்கைகளைக் கரையேற்றிய பிறகே தம் திருமணத்தை நினைத்தார். ஐடிஐ முடித்து, திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும் முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்ததும் அப்பாவும் ஏழுமலை சித்தப்பாவும் உடன் வேலை செய்த இன்னும் சிலரும் அடி அண்ணாமலைக்குப் போவார்கள். கிரிவலம் வந்தவர்கள் வீசிவிட்டுப் போன தட்டு, டம்ளர்களை வாரிவிட்டு, டீ குடித்து, ஒருவரையொருவர் கிண்டல் செய்துவிட்டு வீடு திரும்புவார்கள். யாரும் அனுப்பிப் போனதில்லை. அப்பா தமக்கென்று வைத்துக்கொண்ட சந்தோஷம் அது ஒன்றுதான்.

இது நிர்வாகத்தின் காதுக்கு எட்டியது. உடனே சமூகப் பொறுப்புத் திட்டம் என்று பெயர் வைத்து, பனியன் கொடுத்து, பேனர் கட்டினார்கள். வருபவர்களுக்கு ஆண்டு மதிப்பீட்டில் மார்க் உண்டு என்றார்கள். பஸ் நிறைய ஆள் வந்தது.

அன்று துப்புரவுப் பணியாளர்கள் முன்பே வாரி மூட்டை கட்டியிருந்தார்கள். போட்டோவுக்குக் குப்பை வேண்டுமே! மூட்டைகளை அவிழ்த்து ரோட்டில் கொட்டச் சொன்னார் அதிகாரி.

“வாரினத கொட்டாதீங்க சார். பாவம், ராத்திரியெல்லாம் வாரியிருக்காங்க,” என்றார் அப்பா.

“ரெண்டு நிமிஷம்ங்க. போட்டோ எடுத்துட்டு நாமளே வாரிடலாம்.”

போட்டோ எடுத்ததும் பஸ் டிபனுக்குக் கிளம்பிவிட்டது. அப்பா ஒருவரே நின்று அத்தனையையும் வாரினார். வருகைப் பதிவு திரும்பும் பஸ்ஸில் எடுக்கப்பட்டதால் அவர் வராதவர் ஆனார். சமூக அக்கறை போதாது என்று அந்த ஆண்டு மதிப்பீட்டில் எழுதினார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. அப்பா சிரித்தார்.

அடுத்து வந்த அதிகாரிக்கு மரம் நடுவதில்தான் ஆசை. அடி அண்ணாமலைக்கு பஸ் போவது நின்றது. இனி பழையபடி நாமே போகலாம் என்று அப்பா ஆசையாக நண்பர்களைக் கூப்பிட்டார்.

“அதுக்கு மார்க்க எடுத்துட்டாங்களேண்ணா,” என்றார்கள்.

அதன் பிறகு அப்பா தனியாகப் போய்வந்தார். டீ குடிக்கக்கூட நிற்காமல் சீக்கிரம் திரும்பிவிடுவார். அந்த நிறுவனம் எங்கள் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்தவர்களுக்கும், சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், மலர்வளையம் அனுப்பிய நிறுவனத்துக்கும் எங்கள் நன்றி. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவின் கால் பிடித்துவிட்ட ஏழுமலை சித்தப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரிடம்தான் அப்பா கேட்டார்.

“பௌர்ணமி போச்சே ஏழுமல, யாராச்சும் போனீங்களா?”

“யாரும் போகச் சொல்லலையேண்ணா.”

சித்தப்பா எங்கள் மீது உண்மையான பாசம் உள்ளவர். அவரே அப்படிச் சொன்னதுதான் அப்பாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை.