ஊமைக் கட்டம்

எதிர்வீட்டுப் பூனை கொட்டாவி விட்டால் பசைக்காரிக்குக் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். பூனை கொட்டாவியை முடித்து வாயை மூடும்போதுதான் கேட்கும். அப்படிப்பட்ட காதை ஒருவர் 'மந்தம்' என்று எழுதினால், காது பொறுத்தாலும் வாய் பொறுக்குமா?

துப்பாக்கி சுடும் மைதானத்தின் கடைக்கோடியில், ஒரு பள்ளத்தில் அவளுக்கு வேலை. சுடுகிறவர்கள் ஆயிரம் மீட்டர் தள்ளிப் படுத்திருப்பார்கள். பள்ளத்துக்கு முன்னால் பெரிய மண்மேடு. மேட்டுக்கு மேலே தெரியும்படி இலக்குத் தாள் ஒட்டிய சட்டம் நிற்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் கயிற்றை இழுத்துச் சட்டத்தை இறக்கி, ஓட்டையைப் பார்த்துப் படிவத்தில் குறித்து, ஓட்டையின் மேல் காகிதத் துண்டை ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அவள் இந்த மைதானத்து அலுவலகத்தில் தபால் பிரிக்கத்தான் சேர்ந்தாள். பள்ளத்து ஆள் வராத ஒரு காலையில், "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போம்மா" என்றார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு நாள் முடியவில்லை. விரலிடுக்கில் ஏறிய பசை இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தொட்டால் கதவும் கூடவே உள்ளே வரும் என்பார் அவள் கணவர்.

பள்ளத்தில் இருப்பவருக்கு ஒரு சூடு இரண்டு சத்தமாக வந்து சேரும். முதலில் தலைக்கு மேல் 'சடார்'. அது ஒலியை முந்தி ஓடும் குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம். அப்புறம் தூரத்திலிருந்து துப்பாக்கியின் 'டும்'. வழியிலேயே குண்டு களைத்து, அதன் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே போய்விட்டால் சடார் கிடையாது. டும் மட்டும்தான் மிஞ்சும். குண்டு வந்தது திருடன் வந்த மாதிரி இருக்கும்.

தொலைதூரம் சுடும் படைவீரர்களுக்கு எந்தத் தோட்டா என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஒன்று, படை வெகுகாலமாக வைத்திருந்த பருமனான தோட்டா. குண்டின் குறுக்களவு ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மற்றது, போட்டியில் சுடுகிறவர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் ஒல்லியான நீளக் குண்டு. அது ஆறரை. ஆகவே பள்ளத்தில் அவற்றுக்குப் பெயர் ஏழரை, ஆறரை. அவள் 'ஏழரை' என்று அழுத்திச் சொன்னால் தோட்டாவுக்கே முகம் சுண்டிப்போகும்.

மைதானத்துக் கண்காணிப்பாளருக்கு 'மொடமொடப்பு' என்று பட்டப்பெயர். கஞ்சி போட்ட சட்டை. மடிப்பு கலையும் என்று பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் பள்ளத்தில் இறங்கியதில்லை. படையில் இருந்த காலமெல்லாம் ஏழரையைச் சுட்டவர் என்பதால் அதற்கு அவர் பிறந்தவீடு மாதிரி.

குளிர்ந்த ஒரு காலையில் வகைக்குப் பத்து சுட்டுப் பார்த்தார்கள். ஏழரை எட்டு பட்டது, ஆறரை ஒன்பது. படிவத்தில் 'பட்டது', 'தவறியது' என்று இரண்டே கட்டம். பசைக்காரி அடிக்கோலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து 'ஊமை' என்று தலைப்புப் போட்டாள். அதில் ஏழரைக்கு ஆறு குறி. ஆறரைக்கு ஒன்றுமில்லை.

மொடமொடப்பு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, இது என்ன உன் வீட்டுச் சுவரா? கண்ட இடத்துல கோடு கிழிச்சிருக்க?"

"கண்ட இடத்துல இல்ல சார். கேட்ட இடத்துல."

"எட்டுக்கும் ஒம்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டும் சமம்னு அறிக்கை எழுதியாச்சு. சமம்னா பழசே இருக்கட்டும்."

"பட்டுச்சு சார், இல்லைங்கல. எப்படி வந்து பட்டுச்சு? ஆறரை ஓடி வந்துச்சு. ஏழரை தள்ளாடி வந்து தாள்மேல சாஞ்சிருக்கு. ஓட்டையைப் பாருங்க, அதுல ரெண்டு ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருக்கு. காத்து கொஞ்சம் திரும்பினா அதுவும் படாது."

"தடிமனா இருந்தாத்தான் தூரத்துல நிக்கும்!"

"தடிமன் காத்துக்குத்தான் வசதி சார். புறப்படும்போது ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். ஏழரையைக் காத்து வழியெல்லாம் சட்டையைப் பிடிச்சு இழுக்குது. ஆறரைக்கும் குறை இருக்கு, துப்பாக்கிக் குழலைச் சீக்கிரம் தேய்ச்சுத் தின்னுடும். அதையும் எழுதுங்க, நானா வேண்டாங்கறேன்?"

அவர் மேஜையைத் தட்டினார். "சத்தம் கேக்கலைன்னா காது போச்சுன்னு அர்த்தம். அந்தக் கட்டத்தை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. இல்லைன்னா காது மந்தம்னு எழுதி அனுப்பிடுவேன். செவிட்டு ஆளைப் பள்ளத்துல வைக்க முடியாது."

"எழுதுங்க. எழுத்துப் பிழை வராம எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தோட்டாவுக்கு மருந்து நிறுக்கும் அறையில் அவளுடைய நாத்தனாருக்கு வேலை. விஷயம் கேள்விப்பட்டதும் ஓடிவந்தாள்.

"அண்ணி, ஒரு கட்டம்தானே? அடிச்சுட்டுப் போங்களேன். வேலை போயிட்டா?"

"போகட்டும். உங்க அண்ணனைக் கதவோட சேர்த்து ஒட்டிட்டு நிம்மதியா உக்காந்துக்கறேன். கேக்காததைக் கேட்டேன்னு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்றைக்கே குழுவின் தலைவிக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'என் காதைச் சோதிக்க மருத்துவமனை வேண்டாம், பள்ளம் போதும். கண்காணிப்பாளர் என் பக்கத்தில் உட்காரட்டும். இரண்டு தோட்டாவையும் கலந்து சுடுங்கள். எப்போது எது என்பது எங்கள் இருவருக்கும் தெரிய வேண்டாம்.' தலைவி சரி என்றார்; பத்துப் பத்தாக இருபது சூடு, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு படிவம். காது மந்தம் என்று கண்காணிப்பாளர் எழுதிய கடிதத்தையும் அதுவரை அனுப்பாமல் நிறுத்திவைக்கச் சொன்னார். மத்தியானம் வைத்துக்கொள்ளலாம் என்றார் மொடமொடப்பு. "வெயில்ல காத்து லேசாகும், நொண்டியும் ஓடுவான். முதல்ல சுட்ட மாதிரியே காலை நேரத்துல வைங்க" என்று பசைக்காரி ஒற்றைக் காலில் நின்றாள். காலை ஆறு மணி என்று முடிவாயிற்று.

மொடமொடப்பு கைக்குட்டையை விரித்துப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கடிதம் அவர் சட்டைப்பையில் தயாராக எட்டிப் பார்த்தது.

சடார்!

அவர் தலை முழங்காலுக்குப் போய்விட்டது.

"முதல் தடவை அப்படித்தான் சார். மேட்டைத் தாண்டிக் கீழ வராது, பயப்படாதீங்க."

"யாரு பயந்தது?" என்று நிமிர்ந்தார். சட்டம் இறங்கி ஏறியது. தூரத்தில் எங்கோ ஒரு 'டும்' மட்டும் கேட்டது. அதைக் கவனிக்காமல் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்ததை எப்போ சுடுவாங்க?"

"சுட்டாச்சு சார்."

அவள் சட்டத்தை இறக்கினாள். தாளில் புது ஓட்டை அவரைப் பார்த்து இளித்தது.

மூன்று, நான்கு என்று சூடு போய்க்கொண்டே இருந்தது. அவள் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பத்தாவது முடிந்ததும் அவருக்கே பொறுக்கவில்லை.

"என் மூஞ்சியில என்ன இருக்கு?"

"மூஞ்சியை யார் பாத்தா? கழுத்தைப் பாத்தேன். என் காதுதான் மந்தமாச்சே, உங்க கழுத்தை வெச்சுத்தான் படிவம் எழுதினேன். குனிஞ்சது ஆறு. குனியாதது நாலு. குனியாததெல்லாம் ஊமை."

பள்ளத்துத் தொலைபேசி அடித்தது. சுடுகிற இடத்திலிருந்து தலைவி சுட்ட வரிசையை வாசித்தார். குனியாத நான்கும் ஏழரை. குனிந்த ஆறில் ஐந்து ஆறரை, ஒன்று ஏழரை.

"அந்த ஒரு ஏழரை உயிரோட வந்து சேந்துச்சு சார். அதையும் எழுதியிருக்கேன். பாவம், அதுக்கும் நியாயம் வேணும்ல?"

"எனக்குக் காலையிலேர்ந்து கழுத்துச் சுளுக்கு" என்றார் அவர்.

"சடார்னு வரும்போது மட்டும் வர்ற சுளுக்கா?"

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். தோட்டா எடுத்துக் கொடுக்க அங்கே போயிருந்த நாத்தனாரின் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா?

பள்ளத்து அறிக்கையில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லித் தலைவி தொலைபேசியை வைத்துவிட்டார். மொடமொடப்பு படிவத்தை வாங்கினார்.

"ஊமைன்னா எழுதுவாங்க? ஒலி வேகத்துக்குக் கீழ்னு மாத்து."

"நீங்க அடியில எழுதிக்கோங்க. என் தலைப்பு மேலயே இருக்கட்டும்."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கசக்கப் போனார்.

"கசக்காதீங்க சார், இப்படிக் கொடுங்க. ஒட்டுற துண்டு தீந்துபோச்சு."

அதை வாங்கி விரலகலத் துண்டுகளாகக் கிழித்தாள். துண்டு தீர்ந்ததால் திறந்தே கிடந்த கடைசி ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். 'மந்தம்' என்ற சொல் முழுசாக இருந்த துண்டை நட்டநடு வட்டத்தில் வைத்து, மேலே பசைக்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் சட்டத்தை ஏற்றினாள்.

"இன்னும் பத்து இருக்கு. உக்காருங்க சார்."