காப்புக் கட்டிய கையால் போட்ட குறி

எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகை அந்த வருஷத்தோடு முடிந்தது. வேறு பிழைப்பு இல்லை. பக்கத்து டவுன் லம்பாசாவில் ஒரு கொப்பரை எண்ணெய் ஆலையில் பாய்லருக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் என் மைத்துனனும் மனுப் போட்டோம்.

வேலை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆள் எந்த ரகம் என்று பார்க்கப் பரீட்சை வைத்தார்கள். விடைகளைப் பார்த்து மனுஷரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலாகப் பிரிப்பார்களாம். சிவப்பு என்றால் சட்டென்று நிலை தவறுகிறவன். பாய்லர் பக்கமே விடமாட்டார்களாம்.

அன்று என் கையில் காப்பு இருந்தது. தீமிதி விரதம். காப்பு அவிழ்க்கும்வரை பொய் சொல்லக்கூடாது. குமாஸ்தா இங்கிலீஷ் தாளைப் பார்த்து இந்தியில் சொல்லச் சொல்ல, நாங்கள் ஆமா, இல்லை என்று குறி போட்டோம். பாதியில் ஒரு கேள்வி: "உன் உடம்பு உன் வசத்தில் இல்லாமல் போனதுண்டா?"

எனக்கு வேர்த்துவிட்டது. வருஷாவருஷம் கரகம் வரும்போது என்மேல் அம்மன் வருவாள். அப்புறம் நடப்பது எனக்குத் தெரியாது.

பக்கத்திலிருந்த மைத்துனன், "இல்லன்னு போடு மாமா. அம்மனுக்கு இங்கிலீஷ் தெரியவா போவுது?" என்று கிசுகிசுத்தான்.

ஆமா என்று போட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

"நெருப்புல நடக்கிற ஆளு, ஒரு காயிதத்துக்குப் போயி நடுங்குறீங்களே!" என்று மனைவி சிரித்தாள். பிள்ளைகள் பக்கம் திரும்பியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

மூன்றாம் நாள், தலைநகர் சுவாவிலிருந்து வந்த அதிகாரி கூப்பிட்டார். என் தாளில் அந்தக் குறியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நெருப்புல கண்டபடி ஓடுவியா?"

"இல்ல சாஹிப். பூசாரி உத்தரவு இல்லாம குழியில கால் வைக்க முடியாது."

"பாய்லர்கிட்ட நிக்கும்போது வந்துட்டா?"

"தெரியாது சாஹிப்."

மேஜைமேல் கிடந்த தாள்களைப் புரட்டினார். "மத்தவங்க எல்லாரும் ஒரு குறையும் இல்லாதவங்களா எழுதியிருக்காங்க. இந்த ஒரு தாளைத்தான் நம்ப முடியுது," என்றார்.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. மைத்துனன் ஒரு வாரம் பேசவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. தெரியாது என்று நான் சொன்னது நிஜம்தானே? நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏறும்போதெல்லாம், "தாயே, டூட்டி நேரத்துல வந்துடாதே," என்று வேண்டிக்கொள்வேன். ஓய்வு பெறும்வரை ஒருநாளும் அங்கே அவள் வரவில்லை. ஆனாலும் கடைசி நாள்வரை நடுங்கிக்கொண்டேதான் நின்றேன்.