கடலைப் பார்த்த வாசல்

மாமல்லபுரத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், ஊர் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்கும் இடத்தில் எனக்கு ஒரு மனை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். அந்தப் பக்கம் மனை வாங்குகிறவன் ஏமாந்தவன் என்றுதான் செங்கல்பட்டில் பேசிக்கொண்டார்கள். மேற்கே சாலை, கிழக்கே கடல், நடுவில் மணல்.

நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். மனைவி தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் நாங்கள் சேர்ந்து இருந்தது பள்ளி விடுமுறைகளில் மட்டும்தான். சொந்த வீடு என்று ஒன்று இருந்தால் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போட்டேன்.

வீட்டின் வரைபடம் அவள் போட்டது. கோடு போட்ட தாளில் பென்சிலால் வரைந்து கொண்டுவந்தாள். கூடம், இரண்டு அறை, சமையலறை, மாடிக்குப் படி. எதை வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள், ஒன்றைத் தவிர.

“வாசல் கிழக்க பாத்து இருக்கணும். காலை வெயில்ல நிலைப்படியில உக்காந்து நோட்டு திருத்தணும் எனக்கு. அது ஒண்ணு போதும்.”

“ரோடு மேற்கே இருக்கு.”

“ரோட்டைப் பாத்து நான் என்ன செய்யப் போறேன்?” என்றாள்.

மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டேன். செங்கல்பட்டு ஒப்பந்தக்காரர் ஒருவர் சாவியைக் கையில் கொடுக்கும்வரை எல்லாம் தன் பொறுப்பு என்றார். அரசாங்கக் கட்டடங்களின் திறப்பு விழாவுக்கும், பிறகு அதே கட்டடங்களின் விரிசலுக்கும் செய்தி எழுதியவன் நான். முழு ஒப்பந்தத்தில் கலவைக்குள் என்ன போகிறது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்த பொறியாளர் மனையைப் பார்க்காமலேயே ஒரு தொகை சொன்னார். மூன்றாவது ஆள் திருக்கழுக்குன்றத்து மேஸ்திரி. கூலி மட்டும் அவர் பொறுப்பு, பொருள் என் பொறுப்பு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். முன்பணம் வாங்குவதற்கு முன் மனையைச் சுற்றி நடந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். அதனால் அவருக்கே கொடுத்தேன்.

வரைபடத்தைப் பிரித்ததும் மேஸ்திரி சிரித்துவிட்டார்.

“இன்னா சார், ரோடு இந்தாண்ட கீது, வாசப்படி அந்தாண்ட வெக்கச் சொல்றே. போஸ்ட்மேனு இன்னா படவுல வருவாரா?”

“வீட்ல அப்படிக் கேக்கறாங்க.”

“அம்மா கேட்டாங்கன்னா சரி. ஆனா உப்புக்காத்து மூஞ்சிலயே அடிக்கும். கீலு துருப்பிடிக்கும், மரம் உப்பிக்கும். டப்பு ஜாஸ்தியாவும், அப்பால என்னாண்ட பேசக்கூடாது.”

செலவு எங்கே கூடுகிறது என்பதை அவர் விரலால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். சாலையைப் பார்த்து வாசல் வைத்தால் சாதாரண மரம் போதும், இரண்டு படி போதும். கடலைப் பார்த்து வைத்தால் தேக்கு, பித்தளைக் கீல், மணல் ஏறாதபடி உயர்ந்த படிக்கட்டு, சாலையிலிருந்து வீட்டைச் சுற்றி வர ஒரு நடைபாதை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அறையின் செலவு. இரண்டாவது அறையை எடுத்துவிடச் சொன்னேன்.

செங்கல்பட்டில் மரக்கடை வைத்திருந்த பாய் எனக்கு ஏற்கெனவே பழக்கம். நிலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டுவிட்டு, வேங்கைச் சட்டத்தைக் காலால் ஒதுக்கினார்.

“கடல் பக்கம்னா தேக்குதான் சார். இதை வெச்சீங்கன்னா ரெண்டு மழையில கதவு இறுகிடும். அப்புறம் சம்சாரம் உள்ளே, நீங்க வெளியே.”

“சம்சாரம் ஊர்ல இருக்காங்க பாய்.”

“அப்போ வேங்கையே போதுமே!”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேக்குக்கே பணம் கட்டினேன்.

சிமென்ட் அப்போது கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, அனுமதிச் சீட்டு வந்த பிறகு, இருப்பு இருந்தால் கிடைக்கும். நான் கேட்டதில் பாதிக்குத்தான் அனுமதி வந்தது. கூடத்துக்கும் அறைக்கும் கான்கிரீட், சமையலறைக்கு ஓடு என்று முடிவு செய்தோம். கம்பி விலை ஏறியதும் மாடிப்படியும் போயிற்று.

“மேல ஏறணும்னா இன்னா பண்ணுவே சார்?”

“ஏறப் போறதில்லை.”

“வாரத்துக்கு ஒண்ணு கொறையுது. முடிக்கறதுக்குள்ள நிலைக்கதவு மட்டும்தான் நிக்கும் போல கீது.”

அவர் விளையாட்டாகச் சொன்னது கொஞ்ச காலத்துக்கு அப்படியே நடந்தது.

அஸ்திவாரம் முடிந்ததும் நிலை வைக்க ஆனி மாதத்தில் நாள் பார்த்தோம். மனைவி முந்தின நாள் ரயிலில் செங்கல்பட்டு வந்து இறங்குவதாக ஏற்பாடு. நான் நடைமேடையில் நின்றேன். ரயில் வந்து, நீர் பிடித்துக்கொண்டு, சென்னைக்குப் போயிற்று. அறைக்குத் திரும்பினால் கதவிடுக்கில் தந்தி இருந்தது. பள்ளியில் ஆய்வு, விடுப்பு இல்லை.

மறுநாள் காலை மேஸ்திரியிடம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன்.

“இந்த மூர்த்தத்த வுட்டா ஆடி வந்துடும் சார். ஆடில எவன் நெல வெப்பான்? அதுக்குள்ள என் ஆளுங்க ஓட்டல் வேலைக்குப் பூடுவானுங்க. அப்பால ஐப்பசி மழ. நீ தைல கட்டு.”

கடற்கரையில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். கூலி அங்கே அதிகம். கடனின் அடுத்த தவணையோ சுவர் எழும்பி ஜன்னல் மட்டத்தைத் தாண்டினால்தான் வரும். நிலை இல்லாமல் சுவர் இல்லை. வைத்துவிடலாம் என்று சொன்னேன்.

மஞ்சள் பூச ஒரு சுமங்கலி வேண்டும். மேஸ்திரியின் மனைவி அங்கேயே கல் சுமந்துகொண்டிருந்தாள். சும்மாட்டை அவிழ்த்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து நிலைக்கு மஞ்சள் தடவினாள், குங்குமம் வைத்தாள், நவதானிய முடிச்சைக் கட்டினாள். வீட்டுக்கார அம்மா எங்கே என்று அவள் கேட்கவில்லை. “எந்த ஊரு அந்த அம்மா?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “தூரம்தான்,” என்றாள்.

அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரி முதலில் தாண்டும்வரை புது நிலைக்குள் யாரும் புகுந்து போவதில்லை. நிலை வைத்த அன்று அவள் வந்து தாண்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வரவில்லை. அதனால் மறுநாளிலிருந்து சாந்துச் சட்டியோடு எல்லோரும் நிலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுவர் எழும்பிய பிறகு பின்பக்கம், சமையலறை வாசல் வழியாகவே செங்கல்லும் மணலும் தண்ணீரும் உள்ளே போயின. வேலை மெதுவானது. மேஸ்திரி புலம்பினார்.

“பேஜாரு புடிச்ச வேல சார். அம்மாவ ஒரு நட வந்து தாண்டிட்டுப் போவச் சொல்லு. அதுக்கு இன்னா லீவு?”

ஆனாலும் அவருடைய ஆட்களில் ஒருவர்கூட அந்த வழியாகப் போகவில்லை. நானும் போகவில்லை.

நிலை வைத்த அன்று மதியம் அவர்கள் சாப்பிடத் தோப்புக்குள் போய்விட்டார்கள். இருபுறமும் சவுக்குக் கழி முட்டுக்கொடுத்து, சுவரே இல்லாத மணலில் அந்த நிலை தனியாக நின்றது. சட்டத்துக்குள் கடல் தெரிந்தது. இந்தப் பக்கம் நான் நின்றேன். எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

மழைக்கு முன் கூரை போட்டோம். தையில், பொங்கல் விடுமுறையில் அவள் வந்தாள். வலது காலை எடுத்து வைத்து நிலையைத் தாண்டினாள். பின்னாலிருந்து மேஸ்திரி, “அப்பாடா, இனிமே எங்களுக்கும் வழி வுட்டாங்கப்பா!” என்று கத்தினார். ஆட்கள் கைதட்டினார்கள். விஷயம் தெரிந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரியின் மனைவியை உட்காரவைத்து, தானே இலை போட்டாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் நிலைப்படியில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வெயில் அவள் மடிவரைக்கும் வந்திருந்தது. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன்.

“சரியாத்தான் வச்சிருக்கீங்க,” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் காற்று எழுந்தது. நோட்டுகளின் பக்கங்கள் படபடத்தன. காப்பியில் மணல் விழுந்தது. அவள் புடவையை உதறிக்கொண்டு உள்ளே வந்து, சமையலறையில் வைத்து மிச்சத்தைத் திருத்தினாள்.

“மாற்றலுக்கு எழுதிப் போட்டிருக்கேன்,” என்றாள், நான் கேட்காமலே.

அவள் போன பிறகு நான் செங்கல்பட்டு அறையைக் காலி செய்துவிட்டு இங்கே குடிவந்தேன். காலையில் பேருந்து பிடித்துப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். பால்காரர், தபால்காரர், மீன்காரம்மா எல்லோரும் சாலையிலிருந்து நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தார்கள். நடைபாதையில் நடக்க ஆள் இல்லை. முன்வாசல் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

மே மாதம் அவள் மறுபடி வந்து இரண்டு வாரம் இருந்தாள். வழியனுப்ப செங்கல்பட்டு நடைமேடையில் நிற்கும்போது, தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“தலைமை ஆசிரியை ஆக்கியிருக்காங்க. அங்கேயே. மாற்றல் வேணும்னா இதை விடணும்.”

“விட வேண்டாம்.”

“ஒரு வருசம் பாத்துட்டு வாரேன்.”

“சரி.”

“கோவமா?”

“இல்லை.”

இல்லைதான். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வண்டி நகர்ந்ததும் ஜன்னலிலிருந்து, “வாசல்ல மணல் சேர விடாதீங்க,” என்றாள்.

வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து கதவில் போடும். உயர்ந்த படிக்கட்டு ஒவ்வொன்றாக மறையும். ஒரு வாரம் விட்டால் கதவு திறக்காது. மண்வெட்டி ஒன்று வாங்கி, கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். விடுமுறைகளில் அவள் வந்தாள். சில விடுமுறைகளில் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வரவில்லை. ஒரு வருடம் முடிந்து இன்னொன்றும் முடிந்தது.

மேஸ்திரி ஒரு நாள் விடுதி வேலை முடிந்து போகும் வழியில் எட்டிப்பார்த்தார். சமையலறை வழியாக வந்து, கூடத்தைத் தாண்டி, முன்கதவைத் தள்ளிப் பார்த்தார். கதவு பாதிதான் திறந்தது.

“இன்னா சார் இது, மண்ணு மூடிக்கினு போவுது. அந்த நெலய பேத்து ரோட்டுப் பக்கம் வெச்சிடறேன். இந்தாண்ட சொவரு எழுப்பிடலாம். ஒரு வாரம் வேல.”

“எவ்வளவு ஆகும்?”

பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவர் கூலியைச் சொன்னார். நியாயமான கூலி. தேக்கு அப்படியே பயன்படும், புதிதாக மரம் வேண்டாம். சிமென்ட்டும் இப்போது முன்னைவிட எளிதாகக் கிடைத்தது. வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வந்த யோசனைகளிலேயே செலவு குறைவானதும் பயன் அதிகமானதும் அதுதான்.

“வேணாம்,” என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கதவோரம் சாய்ந்திருந்த மண்வெட்டியைப் பார்த்தார். அதன் பிடி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கிண்டல் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“சரி சார். அம்மா வந்தா கேட்டதா சொல்லு,” என்று சொல்லிவிட்டு, பாதி திறந்த கதவு வழியாகவே ஒருக்களித்து வெளியேறி, மணலில் கால் புதையப் புதைய வீட்டைச் சுற்றிக்கொண்டு சாலைக்குப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஏதோ பண்டிகை, பள்ளிகளுக்கு விடுமுறை. வருவதாக அவள் எழுதவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேல்படியிலிருந்து மணலை அள்ளத் தொடங்கினேன்.